வெயிலுக்கு மாத்திரையா, நிழலா?

(நம் சமுதாயக் கூடத்தில் ஞாயிறு காலை நடந்த உடல்நலக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற டயட்டீஷியன் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

ஞாயிற்றுக்கிழமை காலை டிபனை முடித்துவிட்டு இவ்வளவு பேர் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

இந்தப் பேச்சுக்குக் காரணம் நம் வாட்ஸ்அப் குழு. போன மாதம் பி பிளாக் தங்கை ஒருவர் அதில் ஒரு விளம்பரத்தைப் பகிர்ந்திருந்தார். வெயிலால் தோல் கெடாமல் உள்ளிருந்தே காக்கும் மாத்திரையாம். ஒரு பாட்டில் ஒரு மாதத்துக்கு, விலை 1,800 ரூபாய். மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி. இரண்டே நாளில் 20 பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். செயலாளர் சார் என்னைக் கூப்பிட்டு, "மேடம், இதை வாங்கலாமா வேண்டாமா, நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றார். ஒரு வரியில் சொல்ல முடியாது, அரை மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டேன். அதுதான் இன்றைய கூட்டம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தத் தங்கையைக் குறை சொல்ல நான் வரவில்லை. தினமும் சி.டி.எச். ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய் வருகிறவர். இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்திருக்கிறது. கை முழங்கைக்குக் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம். அவருக்கு இது விளையாட்டில்லை. நம்மில் பாதிப் பேருக்கு இதே கவலை உண்டு. அதனால் விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு, சாப்பாட்டுக்கும் வெயிலுக்கும் தோலுக்கும் உண்மையில் என்ன தொடர்பு என்பதைப் பார்ப்போம்.

நம் ஊர் வெயில்

சென்னை பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. வருடத்தில் இரண்டு நாள், ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும், நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். ஒரு கம்பை நேராக நட்டால் நிழலே விழாது. பிள்ளைகளுக்குப் பள்ளியில் செய்து காட்டியிருப்பார்கள். இந்த இரண்டு நாளுக்கும் இடைப்பட்ட மாதங்களிலும் சூரியன் அதிகம் சாய்வதில்லை. புற ஊதாக் கதிரை அளக்க ஓர் எண் இருக்கிறது. அது 11ஐத் தொட்டாலே உலக சுகாதார நிறுவனம் அதை மிக உச்ச நிலை என்கிறது. நம் ஊரில் ஏப்ரல், மே நண்பகலில் அது 11ஐத் தாண்டுவது வழக்கம்.

இந்தக் கதிரில் இரண்டு வகை நம் மேல் விழுகிறது. பி வகை தோலின் மேலடுக்கைச் சுடுகிறது. ஏ வகை இன்னும் ஆழமாகப் போய்ச் சுருக்கத்தையும் கருமையையும் உண்டாக்குகிறது. ஏ வகை சாதாரணக் கண்ணாடியைத் தாண்டி வரும். பஸ்ஸில் தினமும் ஒரே பக்க ஜன்னலோரத்தில் உட்காருகிறவர்களுக்கு அந்தப் பக்கம் மட்டும் கருத்துப்போவது இதனால்தான்.

நமக்கு இயற்கை ஒரு பாதுகாப்பைக் கொடுத்திருக்கிறது. அதுதான் மெலனின் நிறமி. 1979இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கருத்த தோலின் மேலடுக்கு ஏறத்தாழ 13 எஸ்.பி.எஃப். அளவுக்கும் வெளுத்த தோல் 3 அளவுக்கும் பாதுகாப்பு தருவதாகக் கணக்கிட்டார்கள். நம் மாநிறம் இரண்டுக்கும் நடுவில் வரும். ஐரோப்பியர்களையும் ஆஸ்திரேலியர்களையும் போல நமக்குத் தோல் புற்றுநோய் அதிகம் வராததற்கு இது முக்கியக் காரணம். நம் பிரச்சினைகள் வேறு: மங்கு, கருமை, வெயில் பட்டால் வரும் அரிப்பு, சீக்கிரம் விழும் சுருக்கம். வெளிநாட்டு மாத்திரை விளம்பரங்கள் பெரும்பாலும் அவர்கள் தோலை வைத்துப் பேசுகின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கும் வெயிலுக்கும் உள்ள உண்மையான தொடர்பு

"சாப்பாட்டுக்கும் வெயிலுக்கும் தொடர்பே இல்லையா?" என்று கேட்டால், நிச்சயம் உண்டு. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அரசு மருத்துவமனை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கட்டட வேலை செய்கிற ஒருவரைச் சேர்த்திருந்தார்கள். வயது 45 இருக்கும். இரண்டு புறங்கையும் கறுத்து, தடித்து, வெடித்திருந்தன. கழுத்தைச் சுற்றி ஒரு கரும்பட்டை, மாலை போட்டது போல. சட்டைக்குள் இருந்த தோல் மட்டும் நன்றாக இருந்தது. "வெயிலில் வேலை செய்கிற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று அவர் மனைவி ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் கூடவே வயிற்றுப்போக்கும் இருந்தது. இரவில் தூக்கமில்லை, பேச்சிலும் தடுமாற்றம். குடிப்பழக்கம் உண்டு, சாப்பாடு சரியாக இல்லை. தலைமை மருத்துவர் கையைப் பார்த்தவுடன் சொன்னார்: "பெலாக்ரா. இது வெயில் மட்டும் செய்த வேலை இல்லை."

பெலாக்ரா என்பது நியாசின் என்ற பி3 வைட்டமின் குறைவதால் வரும் நோய். இத்தாலிய மொழியில் சொரசொரப்பான தோல் என்று பொருள். வெயில் தோலில் விழும்போது அணுக்களின் உள்ளே மரபுப் பொருள் சேதமாகும். அதை உடம்பு உடனுக்குடன் பழுது பார்க்கும். அந்த வேலைக்குத் தேவையான சக்தியும் மூலப்பொருளும் நியாசினிலிருந்து வருகின்றன. நியாசின் இல்லையென்றால் பழுது பார்க்க முடியாது. மற்றவர்கள் தாங்கும் அதே வெயில் இவர்கள் தோலைப் புண்ணாக்கிவிடும். வெயில் படுகிற இடத்தில் மட்டும் அந்தக் கறுப்பு வருவதன் காரணம் இதுதான்.

இந்த நோயைப் புரிந்துகொண்டதில் நம் ஊர்க்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. டாக்டர் சி. கோபாலன். 1918இல் சேலத்தில் பிறந்தவர். குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் வேலையைத் தொடங்கினார். அந்த ஆய்வுக்கூடம்தான் பிறகு ஐதராபாத்துக்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக ஆனது. உலகம் அதுவரை பெலாக்ராவை மக்காச்சோளம் மட்டும் சாப்பிடுகிறவர்களின் நோய் என்று நினைத்திருந்தது. தக்காணத்தில் மக்காச்சோளம் சாப்பிடாத, வெள்ளைச் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழை விவசாயக் கூலிகளுக்கும் அது வந்ததைக் கோபாலனும் அவர் சக ஆய்வாளர் ஸ்ரீகாந்தியாவும் கவனித்தார்கள். சோளப் புரதத்தில் லூசின் என்ற பொருள் அதிகமாக இருப்பது இதற்குக் காரணமாகலாம் என்று 1960இல் லான்செட் இதழில் எழுதினார்கள். கோபாலன் 2019 அக்டோபரில், 100 வயதில், சென்னையில்தான் காலமானார்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் சோள தோசையை நிறுத்த வேண்டாம். பருப்பு, காய், பால், முட்டை எல்லாம் சேர்ந்த சாப்பாட்டில் சோளம் ஒரு பொருளாக இருந்தால் எந்தப் பயமும் இல்லை. மூன்று வேளையும் அது ஒன்றே சாப்பாடாக இருந்தவர்களுக்கு வந்த நோய் அது.

அந்தக் கட்டடத் தொழிலாளிக்கு நியாசினமைடு மாத்திரையும் நல்ல சாப்பாடும் கொடுத்தோம். சில நாளிலேயே வயிறு சரியானது, பேச்சு தெளிந்தது. தோல் தேறச் சில வாரம் ஆனது. விலை மிகக் குறைந்த மாத்திரை அது. அவருக்கு அது உயிர் காத்த மருந்து.

இன்றும் பெலாக்ரா முழுதாக ஒழிந்துவிடவில்லை. நாள்பட்ட குடிப்பழக்கம் உள்ளவர்கள், சாப்பாட்டைக் குறைத்துவிட்ட தனிமையான முதியவர்கள், காசநோய்க்கு ஐசோநியசிட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு வரலாம். உங்கள் வீட்டிலோ, வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் வீட்டிலோ, யாருக்காவது புறங்கையிலும் கழுத்திலும் மட்டும் தோல் கறுத்து வெடித்து, வயிற்றுப்போக்கும் மறதியும் சேர்ந்து இருந்தால், வெயில் என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். காசநோய் மாத்திரையை மட்டும் யாரும் தாமாக நிறுத்தக் கூடாது.

ஆக, சத்து குறைந்தால் வெயில் தோலைக் கெடுக்கும். குறைந்த சத்தைக் கொடுத்தால் தோல் தேறும். இது உண்மை. மாத்திரை விற்கிறவர்கள் இங்கிருந்து ஒரு தாவு தாவுகிறார்கள். குறைவில்லாதவருக்கும் இன்னும் கொஞ்சம் கொடுத்தால் வெயிலே ஒன்றும் செய்யாது என்கிறார்கள். அதைத்தான் இப்போது சோதித்துப் பார்க்க வேண்டும்.

மாத்திரைகளைச் சோதித்தபோது

அந்தப் பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தேன். பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, இ, செலினியம், தக்காளியிலிருந்து எடுத்த லைகோபீன், ஒரு பெரணிச் செடியின் சாறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பீட்டா கரோட்டின் என்பது கேரட்டுக்கு நிறம் தருவது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நம்பூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1992 முதல் 1996 வரை 1,621 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்குத் தினமும் 30 மி.கி. பீட்டா கரோட்டின் மாத்திரை, சிலருக்கு வெறும் மாத்திரை. அதே ஆட்களில் ஒரு பாதியைத் தினமும் தவறாமல் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள், மறு பாதியை அவரவர் விருப்பப்படி விட்டுவிட்டார்கள். முடிவு என்ன? தினமும் பூசியவர்களுக்குச் செதிள் செல் புற்று ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. மாத்திரையால் ஒரு பலனும் இல்லை. தோலில் சுருக்கமும் முதுமையும் எப்படி என்று பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். தினமும் பூசியவர்களுக்கு அது 24 சதவீதம் குறைவு. மாத்திரைக்கு அதிலும் பலன் தெரியவில்லை. மாத்திரையையும் சன்ஸ்கிரீனையும் ஒரே ஊரில் ஒரே ஆட்களிடம் வைத்துப் பார்த்த ஆய்வு என்பதால் இதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

பலன் இல்லை என்பதோடு போயிருந்தால் பரவாயில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. தினமும் 20 மி.கி. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. புகைபிடிக்கிற ஐயாமார்கள் இந்தப் பாட்டில் பக்கமே போகாதீர்கள். இது மாத்திரைக்குச் சொல்வது. கேரட் பொரியல் தாராளமாகச் சாப்பிடலாம்.

செலினியமும் அப்படித்தான். ஏற்கெனவே தோல் புற்று வந்த 1,312 பேருக்கு அமெரிக்காவில் கொடுத்துப் பார்த்தார்கள். செதிள் செல் புற்று குறையவில்லை. கூடியிருந்ததாகப் பிறகு கணக்கிட்டார்கள்.

லைகோபீனுக்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. ஜெர்மனியில் ஒரு சிறு குழுவினருக்குத் தினமும் 40 கிராம் தக்காளி விழுதை ஆலிவ் எண்ணெயோடு 10 வாரம் கொடுத்தார்கள். விளக்கொளியில் தோல் சிவப்பது 40 சதவீதம் குறைந்தது. 2001இல் வந்த முடிவு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தோலின் தாங்கும் திறன் மூன்றில் ஒரு பங்கு கூடினாலும், எஸ்.பி.எஃப். கணக்கில் அது ஏறத்தாழ 1.3தான். கடையில் நாம் வாங்கும் சன்ஸ்கிரீன் 30 அல்லது 50. அதிலும் அவர்கள் கொடுத்தது மாத்திரை இல்லை, எண்ணெயில் சேர்ந்த தக்காளி விழுது. நம் வீட்டுத் தக்காளித் தொக்கு என்ன? அதேதான். தக்காளியை எண்ணெயில் வதக்கினால் லைகோபீன் உடம்பில் நன்றாகச் சேரும். உப்பை மட்டும் குறைத்துப் போடுங்கள்.

பெரணிச் சாற்றுக்குச் சிறிய ஆய்வுகள் உண்டு. சிலருக்கு வெயில் அரிப்பு குறைந்ததாகச் சொல்கின்றன. டாக்டர் ஒருவர் உங்கள் தோலைப் பார்த்துவிட்டு, சன்ஸ்கிரீனோடு கூடுதலாக அதை எழுதிக் கொடுத்தால் அது வேறு விஷயம். சன்ஸ்கிரீனுக்குப் பதிலாக அது நிற்காது. 2018 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இப்படி விளம்பரம் செய்த 4 நிறுவனங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. சன்ஸ்கிரீனுக்கு மாற்றாகும் மாத்திரை எதுவும் கிடையாது என்று வெளிப்படையாகவும் சொன்னது.

கடைசியாக, நான் முன்பு சொன்ன பி3. இதற்குத்தான் ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 386 பேருக்கு ஓர் ஆண்டு தினமும் இரண்டு வேளை 500 மி.கி. நியாசினமைடு கொடுத்தார்கள். 2015இல் வந்த முடிவின்படி புதிய தோல் புற்றுகள் 23 சதவீதம் குறைந்தன. ஆனால் அந்த 386 பேரும் ஐந்து ஆண்டுக்குள் இரண்டு முறையாவது தோல் புற்று வந்தவர்கள். மாத்திரையை நிறுத்தியதும் பலனும் நின்றுவிட்டது. உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் பார்த்தபோது, 2023இல் வந்த முடிவில், பலன் தெரியவில்லை. இதில் நமக்குப் பொருந்துவது எது? நம் கன்னத்து மங்கை அவர்கள் ஆராயவே இல்லை. இது சாப்பாட்டு அளவும் இல்லை. 100 கிராம் வேர்க்கடலையில் 12 மி.கி. அளவு நியாசின் என்று வைத்துக்கொண்டால், அந்த 1,000 மி.கி.க்குத் தினமும் 8 கிலோ வேர்க்கடலை சாப்பிட வேண்டும். அது மருந்து. டாக்டர் சொல்லாமல் எடுக்கக் கூடாது.

இன்னொன்று. அந்தப் பாட்டிலின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்று பொருள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி இந்த மாத்திரைகள் உணவுத் துணைப்பொருள், மருந்து அல்ல. அதனால் அப்படி எழுதியே ஆக வேண்டும். முன்பக்கம் பெரிய எழுத்தில் வெயிலை விரட்டுகிறேன் என்கிறது. பின்பக்கம் நான் மருந்தில்லை என்கிறது. வீட்டுக்குப் போனதும் உங்களிடம் இருக்கும் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்.

அப்படியென்றால் என்ன சாப்பிடுவது?

குறைவு வராமல் சாப்பிட வேண்டும். அதற்குத் தனிக்கடைக்குப் போக வேண்டாம். ஆவடி மார்க்கெட்டும் வாசலில் வரும் தள்ளுவண்டியும் போதும்.

வைட்டமின் சி: ஒருவருக்கு ஒரு நாளுக்கு 65 முதல் 80 மி.கி. போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 100 கிராம் கொய்யாவில் 200 மி.கி.க்கு மேல் இருக்கிறது. ஒரு நடுத்தரக் கொய்யா, அல்லது ஒரு பெரிய நெல்லிக்காய், அன்றைய கணக்கு முடிந்தது. சர்க்கரை உள்ளவர்களும் அதிகம் பழுக்காத கொய்யாவை அளவாகச் சாப்பிடலாம். சூடாக்கினால் சி குறையும் என்பதால் பச்சையாகச் சாப்பிடுவது நல்லது.

நியாசின்: ஒரு கைப்பிடி வேர்க்கடலை, மீன், கோழி, முட்டை, பருப்பு. முட்டை, பால், பருப்புப் புரதத்திலிருந்து உடம்பே நியாசின் செய்துகொள்ளும். அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு பி வைட்டமின்கள் போய்விடுகின்றன. நெல்லை வேகவைத்துக் காயவைத்து அரைக்கிற புழுங்கல் அரிசியில் அவை உள்ளே இறங்கித் தங்கிவிடுகின்றன. நம் பாட்டிமார் புழுங்கல் அரிசிச் சோற்றை விடாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

கரோட்டின்: முருங்கைக் கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, பப்பாளி, பரங்கிக்காய், மாம்பழம். வாரத்தில் நான்கு நாள் ஏதாவது ஒரு கீரை. வதக்கும்போது ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் இல்லாமல் கரோட்டின் உடம்பில் சரியாகச் சேராது.

வெயில் நாளில் தண்ணீர், மோர். இதனால் வெயிலின் கருமை தடுக்கப்படாது. உடம்பு வறண்டு மயங்காமல் இருக்கும். அதுவே பெரிய விஷயம்.

வெளியே செய்ய வேண்டியது

உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை என்று அர்த்தம். கைபேசியே வேண்டாம், கீழே பார்த்தால் போதும். நம் ஊரில் பெரும்பாலும் காலை ஒன்பது மணி வாக்கிலிருந்து பிற்பகல் மூன்று மணி வாக்கு வரை அந்த நேரம். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்கிறவர்கள் எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு முழுக்கை பருத்திச் சட்டை அல்லது கை உறை, ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிடுவது, துப்பட்டா. நடக்கிறவர்களுக்குக் குடை. குடை பிடிக்க ஆண்கள் வெட்கப்படுகிறார்கள். என் கணவரும் அப்படித்தான் இருந்தார், இப்போது பழகிவிட்டார்.

சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30 போதும். ஏ வகைக் கதிரையும் தடுக்கும் என்று எழுதியிருக்க வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வரும் அளவு தேவை. நாம் கடுகளவு பூசிவிட்டு "எனக்கு வேலை செய்யவில்லை" என்கிறோம். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். மங்கு உள்ளவர்களுக்கு ஒரு தகவல். மங்கைப் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் கூட்டும். அதைத் தடுக்க இரும்பு ஆக்சைடு சேர்ந்த, லேசான நிறமுள்ள சன்ஸ்கிரீன் வேண்டும். தோல் டாக்டரிடம் அதைக் கேளுங்கள்.

நீங்கள் அனுப்பிய கேள்விகள்

"வெயிலை ஒதுக்கினால் வைட்டமின் டி எங்கிருந்து வரும்?" நல்ல கேள்வி. காலை ஏழு மணி வெயிலில் நின்றால் டி கிடைக்கும் என்று பலர் நம்புகிறோம். நமக்குப் பக்கத்தில் திருப்பதியில் மருத்துவர்கள் சோதித்துப் பார்த்தபோது, தோலில் டி உருவாவது பகல் 11 முதல் 2 மணி வரைதான் அதிகம் என்று தெரிந்தது. முகத்தை மூடிக்கொண்டு, கை கால்களில் மட்டும் வாரத்தில் சில நாள் பத்து, பதினைந்து நிமிடம் படவிடலாம். வெயில் ஒத்துக்கொள்ளாதவர்கள் ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் சொல்லும் அளவில் மாத்திரை எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: 60,000 யூனிட் மாத்திரையை டாக்டர் வாரம் ஒன்று என்றுதான் எழுதுவார். தினம் ஒன்று என்று நினைத்துச் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் பாதிக்கும்.

"முடி, தோல், நகத்துக்கு என்று பயோட்டின் சாப்பிடுகிறேன், பரவாயில்லையா?" வெயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் தைராய்டு, மாரடைப்புக்கான சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவை அது தவறாகக் காட்டச் செய்யும். பரிசோதனைக்குப் போகும்போது லேபிலும் டாக்டரிடமும் கட்டாயம் சொல்லுங்கள்.

"கருமை போக எலுமிச்சைச் சாறு பூசலாமா?" பூசாதீர்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வந்து, கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். குளியல் பொடியில் சேர்க்கும் கார்போகரிசியிலும் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும் சொராலென் என்ற பொருள் இருக்கிறது. வெண்புள்ளிக்கு அதைப் பயன்படுத்துவதன் காரணமே அதுதான். பொடி தேய்த்துக் குளித்துவிட்டு வெயிலில் போனால் எரிகிறது என்றால், பொடியில் என்ன சேர்த்தார்கள் என்று கேளுங்கள்.

"எனக்குத் திடீரென்று வெயில் தாங்கவில்லை." நீங்கள் சாப்பிடும் மருந்துகளைப் பாருங்கள். டாக்ஸிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயாசைடு, வலிக்குப் பூசும் சில ஜெல்கள் வெயில் கூச்சத்தை உண்டாக்கும். மருந்தை நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரு வேண்டுகோள்

முடிக்கும் முன் ஒன்று. இந்தப் பேச்சுக்குத் தயார் செய்தபோது, நம் வளாகத்தில் வெயில் அதிகம் படுகிற தோல் யாருடையது என்று யோசித்தேன். என்னுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை. மெயின் கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி அண்ணனுடையது. காலை எட்டு முதல் இரவு எட்டு வரை நிற்கிறார். அவர் கேபின் மேற்குப் பார்த்தது, மேலே தகரம். மதியம் இரண்டு மணிக்கு உள்ளே இருக்க முடியாமல் வெளியே வந்து வெயிலில் நிற்கிறார். போன வாரம் அவர் கையைப் பார்த்தேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை, வெறும் வெயில்தான். மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். டீயும் பன்னும் என்றார்.

20 பாட்டில், ஒன்று 1,800 ரூபாய் என்றால் 36,000 ரூபாய். அது ஒரு மாதச் செலவு. பெயர் கொடுத்த 20 பேரையும் கேட்டுக்கொள்கிறேன். மாத்திரை வேண்டாம். அந்தப் பணத்தில் கேட்டின் முன்னால் ஒரு பந்தல் கூரையும், கேபினுக்கு மேற்குப் பக்கம் ஒரு தடுப்பும் போட முடியுமா என்று செயலாளர் சார் விலை விசாரிக்கட்டும். தோட்டம் பார்க்கிற அக்காக்களுக்கும் குப்பை எடுக்க வருகிற தம்பிகளுக்கும் ஆளுக்கு ஒரு அகலத் தொப்பியும், வெயில் காலம் முடியும் வரை மதியம் ஒரு முட்டையும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் கொடுக்கலாம். கூட்டிப் பார்த்தால் நம் வீட்டுக்கு மாதம் பெரிய தொகை வராது.

பி பிளாக் தங்கைக்கு நான் தனியாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை அவரோடு தோல் டாக்டரிடம் நானும் போகிறேன். கை உறையும் வாங்கிவிட்டார், பார்த்தேன்.